காபரே ஒத்திகையில் நடந்த ஒன்று, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் உண்டா?

இரண்டாம் டெனர்

எங்கள் கே கோரஸின் (தன்பாலீர்ப்பு ஆண்கள் சேர்ந்து பாடும் குழு) காபரேக்கு இன்னும் மூன்று வாரம். (பழைய சினிமா காபரே டான்ஸ் நினைவுக்கு வருகிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். சின்ன அரங்கு, மேஜை நாற்காலி, ஒரு பியானோ, ஆளுக்கொரு பாட்டு, நடுவே கொஞ்சம் பேச்சு. அவ்வளவுதான்.) ஆடிஷனில் எனக்கு ஒரு சோலோ கிடைத்தது. பழைய காதல் பாட்டு, ஒரு ஆண் ஒரு பெண்ணை நினைத்துப் பாடுவது. ‘அவள்’ வரும் இடம் ஏழு. ஏழையும் ‘அவன்’ ஆக்குவது என்று முடிவானது. நானும்தான் தலையாட்டினேன்.

போன வார ஒத்திகையில் முதல் நான்கும் ஒழுங்காக வந்தன. ஐந்தாவது இடத்தில் வாய் தானாக ‘அவள்’ என்றது. பியானோ நின்றது. பின்னால் யாரோ சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “சரி, உனக்கு எது வேணும்?” என்று கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். நாற்பது பேர் பார்க்கிறார்கள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். “முதலிலிருந்து போகலாம்” என்றேன்.

பதினைந்து வயதிலிருந்து குளியலறையில் பாடிக்கொண்டிருக்கும் பாட்டு அது. அப்போதே மனசுக்குள் ‘அவன்’தான். கதவுக்கு வெளியே யார் காதிலாவது விழுமோ என்று வாய் மட்டும் ‘அவள்’ சொல்லும். இப்போது கதவே இல்லை. வாய்க்கு அது தெரியவில்லை.

பியானோக்காரன்

நான் கே இல்லை, இரண்டு குழுக்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறேன். என் கதை சின்னது.

நிகழ்ச்சி அன்று மாலை ஒரு டெனர் (உயர்ந்த ஆண் குரலில் பாடுகிறவர்) வந்தார், மூக்கு முழுக்கச் சளி. “ஒரு கட்டை இறக்கி வாசிச்சிடுங்க” என்றார். சரி என்றேன். அதற்குப் பிறகு ஒலிபெருக்கிக்காரர் கூப்பிட்டார், விளக்குக்காரர் கூப்பிட்டார், சுத்தமாக மறந்துபோனேன். பழைய சுருதியிலேயே ஆரம்பித்துவிட்டேன். இரண்டு தாள மாத்திரைக்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்த அந்தப் பார்வை! நிறுத்தவும் முடியாது, முதல் மேஜை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உச்ச இடத்தில் குரல் உடைந்தது. ஆனால் உடைந்த இடத்தை விடாமல் அப்படியே பிடித்து நின்றார். அரங்கம் எழுந்துவிட்டது.

உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “இறக்காம வாசிச்சீங்களே, என் மேல நம்பிக்கை வைச்சதுக்கு நன்றி” என்றார். மறந்துபோனேன் என்று இன்றுவரை நான் சொல்லவில்லை.

தொண்டைப்பிரியன்

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நான் ஒரே ஒரு காபரேயில் பாடியிருக்கிறேன், மைக் தலைகீழாகச் சாய்ந்து என் பல்லில் பட்டது, அது போகட்டும்.

டெனர் தம்பி, வார்த்தை தவறுவது மனசு சம்பந்தப்பட்டதே இல்லை, மனப்பாட முறை தப்பு. நோட்டைப் பார்த்துப் பார்த்துப் பாடினால் கண்தான் மனப்பாடம் செய்கிறது. ஒவ்வொரு வரியின் முதல் வார்த்தையை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பாடுங்கள். பிறகு மெட்டே இல்லாமல் கடிதம் வாசிப்பது போலச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் கடைசி வரியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். எல்லாரும் பல்லவியை ஐம்பது தடவை பாடுவார்கள், கடைசிச் சரணத்தை ஐந்து தடவை. தடுக்கி விழுவது அங்கேதான்.

அடுத்து மைக். நூறு பேரோடு நின்று பாடும்போது பின் வரிசை வரை கேட்க வேண்டும் என்று நெஞ்சைத் திறந்து பாடுவோம். காபரேயில் அப்படிப் பாடினால் முன் மேஜைக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளுவார். சன்னமான இடத்தில் மைக்கை வாயருகே கொண்டுவர வேண்டும், உச்சத்தில் சற்று விலக்க வேண்டும். ‘ப’ எழுத்து வரும்போது நேராக ஊதாதீர்கள், கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள். கோரஸில் மூச்சு விடுவதும் வேறு கணக்கு: பக்கத்தில் நிற்பவன் இழுத்துப் பிடிப்பான், நாம் நைசாக மூச்சு வாங்கிவிட்டு உள்ளே நுழைந்துவிடலாம். தனியாக நிற்கும்போது அந்தச் சலுகை இல்லை, எங்கே மூச்சு என்று பென்சிலால் குறித்தே ஆக வேண்டும். குரலை வளைத்து இழுத்துப் பாடிப் பழகியவர்கள் கோரஸில் நேர்க்கோடாக நிறுத்தக் கற்றிருப்பீர்கள், அதை இங்கே கொஞ்சம் தளர்த்தலாம்.

சளிக்காரருக்கு: மேடை ஏறும்போது குடிக்கிற தண்ணீர் குரல்நாணைத் தொடாது, அது போகிற வழி வேறு. காலையிலிருந்தே குடித்து வர வேண்டும். தொண்டையைச் செருமாதீர்கள். கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு என்று நினைக்காதீர்கள், வாயை மூடுவதுதான் ஓய்வு.

கடைசியாக, அவன் அவள் பிரச்சினைக்கு எளிய வழி: எல்லாவற்றையும் ‘நீ’ ஆக்கிவிடுங்கள். தீர்ந்தது.

கடைசி வரிசை பேஸ்

தீரவில்லை ஐயா. அந்த ‘நீ’யில்தான் நாங்கள் இருபது வருஷம் ஒளிந்திருந்தோம். யாரைப் பாடுகிறாய் என்று யாரும் கேட்க முடியாது, நாமும் சொல்ல வேண்டாம். சௌகரியமான வார்த்தை. அந்தச் சௌகரியத்தாலேயே எனக்கு அதைப் பிடிக்காது.

டெனர் தம்பி, பின்னால் சிரித்த ஆள் என்னைப் போல ஒரு கிழவராக இருந்தால், அவர் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நூறு குரல் போதும்

எனக்கு மொத்தமாகவே காபரேயில் ஒரு வருத்தம். போன முறை எங்கள் குழுவில் எண்பது பேர் இருந்தோம், சோலோ பன்னிரண்டு பேருக்கு. மீதிப் பேர் டிக்கெட் கிழித்தோம், நாற்காலி போட்டோம். அரங்கு நிறைந்த பிறகு கதவருகே நின்று எங்கள் ஆளே பாடுவதைக் கேட்டேன். நன்றாகத்தான் பாடினான். அவன் இறுதிச் சுரத்தைப் பிடித்தபோது அதற்குக் கீழே வர வேண்டிய என் பாரிடோன் (நடுத்தர ஆண் குரல்) வரி என் தொண்டையில் ஓடியது, வெளியே வரவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொருவனின் உதடும் அசைந்தது. இருவரும் சத்தமில்லாமல் ஹார்மனி பாடிக்கொண்டு டிக்கெட் பெட்டியைக் கையில் வைத்திருந்தோம்.

கோரஸ் என்பதே தனியாக நிற்காமல் இருப்பதற்குத்தானே? சான் பிரான்சிஸ்கோ குழு 1978 அக்டோபர் 30 அன்றுதான் முதல் ஒத்திகைக்குக் கூடியது. நான்கு வாரம் கழித்து, நவம்பர் 27 அன்று, கே என்று மறைக்காமல் நகர மன்றத்துக்குத் தேர்வான ஹார்வி மில்க்கும் மேயர் மாஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்று இரவு நகர மன்றப் படிக்கட்டில் நின்று இசையமைப்பாளர் மெண்டல்சனின் பாட்டைப் பாடினார்கள். அதுதான் அவர்கள் வெளியில் பாடிய முதல் பாட்டு. அங்கே யாரும் சோலோவுக்கு ஆடிஷன் வைக்கவில்லை.

பியானோக்காரன்

லண்டன் குழு 1991இல் ஒன்பது நண்பர்கள் ஒரு சுரங்க ரயில் நிலையத்தில் நின்று பாடி எய்ட்ஸ் நிதி திரட்டியதில் ஆரம்பித்தது. ஒன்பது பேர். அது கோரஸா, காபரேயா? தலையை எண்ணி நியாயம் பேசாதீர்கள். அத்துடன் காபரே வசூலில்தான் பல குழுக்கள் அரங்க வாடகையும் என் கூலியும் கொடுக்கின்றன. பெரிய கச்சேரிக்கு வரும் செலவு உங்களுக்கே தெரியும்.

நீங்கள் கதவருகே பாடிய அந்த ஊமை ஹார்மனி மட்டும் பிரமாதம்.

பெயர் வேண்டாம்

இதுவரை யாரிடமும் சொல்லாததால் எழுதுகிறேன்.

சேரும்போது ஒரு படிவம் கொடுப்பார்கள் தெரியும்தானே. நிகழ்ச்சித் தாளில் பெயர் போடலாமா, படம் எடுக்கலாமா. இரண்டுக்கும் வேண்டாம் என்று எழுதினேன். கூட்டத்தில் நிற்கும்போது அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. காபரேயில் சோலோ வந்தபோதுதான் சிக்கல். தாளில் பாட்டின் பெயருக்கு எதிரே எல்லோருக்கும் பெயர், எனக்கு மட்டும் ‘பாரிடோன்’. நானே கேட்டு வாங்கியதுதான்.

மேடையில் தொகுப்பாளர் ஒவ்வொருவரையும் ஏதாவது கிண்டல் செய்து பெயர் சொல்லி அழைப்பார். என் முறை வந்தது. அவர் வாயைத் திறந்து ஒரு நொடி நின்றார். என் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, கண்ணால் பார்த்தேன். விழுங்கினார். “அடுத்து, எங்கள் பாரிடோன்” என்றார். எங்கள் என்ற வார்த்தையில் கொஞ்சம் அழுத்தம். கிண்டல் எதுவும் செய்யவில்லை.

அந்தக் கிண்டல் இல்லாததுதான் இன்னும் உறுத்துகிறது. எல்லோரையும் வைத்துச் சிரித்தார், என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி எடுத்து வைத்தார்.

நூறு குரல் போதும்

தப்பாக எடுக்காதீர்கள். மேடை ஏறித் தனியாகப் பாடுகிறீர்கள், முகம் எல்லோருக்கும் தெரிகிறது. பெயரை மட்டும் மறைத்து என்ன பயன்? குழுவின் பெயரிலேயே கே இருக்கிறதே.

கடைசி வரிசை பேஸ்

எல்லாக் குழுவின் பெயரிலும் இல்லை. சியாட்டில் ஆண்கள் கோரஸ் பெயரில் இல்லை. டல்லாஸில் இருக்கும் டர்ட்டில் கிரீக் கோரேல் பெயரில் ஆண்கள் என்றுகூட இல்லை, ஓடையின் பெயர்தான். அவர்கள் என்ன கோழைகளா? ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொருவரும் எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்தார்கள். இருட்டில் நூறு பேர் பார்த்த முகம் காலையில் மறந்துபோகும். அச்சிட்ட பெயர் அலுவலகத்துக்கு வரும், சொந்தக்காரர் வீட்டுக்கு வரும். வித்தியாசம் தெரியாமலா கேட்கிறீர்கள்?

சரி, என் கதை. நான் சேர்ந்த வருஷம், ஒரு பழைய பேஸ் (கீழ்க்குரல்) பாடகர் எனக்கு அவருடைய கறுப்பு ஃபோல்டரைக் கொடுத்தார். உள்ளட்டையில் நான்கு பெயர்கள், மூன்று அடிக்கப்பட்டிருந்தன, நான்காவது அவருடையது. அந்த ஃபோல்டரை வைத்திருந்தவர்கள். மூவரும் எங்கே என்று கேட்டேன். பதில் சொல்லாமல், “பக்கம் பன்னிரண்டில் மூச்சு எடுக்கிற இடம் குறிச்சிருக்கு, அது நல்ல இடம், மாத்தாதே” என்றார். பென்சில் குறி யாருடையது என்று தெரியாது. இப்போதும் அங்கேதான் மூச்சு எடுக்கிறேன். இந்தக் காபரேக்கு நோட்டு இல்லாமல் பாட வேண்டும் என்கிறார்கள். ஃபோல்டரை வீட்டில் வைக்க மனசு வரவில்லை.

தொண்டைப்பிரியன்

ஐயா, அந்த 1993ஆம் வருஷப் படம் பார்த்திருக்கிறீர்களா? சான் பிரான்சிஸ்கோ குழு, ஏழெட்டுப் பேர் வெள்ளை உடையில், மற்ற எல்லோரும் கறுப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு. கறுப்பில் இருந்த அத்தனை பேரும் எய்ட்ஸில் செத்துப்போனார்களாம்.

கடைசி வரிசை பேஸ்

செத்துப்போனவர்கள் எப்படி ஐயா படத்தில் நிற்பார்கள்? செத்துப்போனவர்களுக்குப் பதிலாக நின்றார்கள், அவர்கள் இடத்தைக் காட்டுவதற்காக. இந்த ஒரு படத்துக்குக் கீழே மட்டும் நூறு தடவையாவது திருத்தியிருப்பேன்.

ஓரத்தில் நிற்பவள்

நான் பாடுகிறவள் இல்லை. மேடை ஓரத்தில் நின்று பாட்டை அமெரிக்கச் சைகை மொழியில் சொல்கிறவள். பேச்சை மொழிபெயர்க்கும்போது பேசுகிறவருக்கு அரை வாக்கியம் பின்னால் வருவேன். பாட்டு அப்படியில்லை. வரிகளை முன்பே வாங்கி மனப்பாடம் செய்து, எல்லா ஒத்திகைக்கும் போய்விடுவேன்.

ஒரு காபரேயில் ஒருவர் இரண்டாவது சரணத்தில் வரி மறந்து நின்றார். பியானோ அதே நான்கு மாத்திரையைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறது. அடுத்த வரி ‘வீடு’ என்று தொடங்கும். என் கை அதற்குத் தயாராக, விரல்நுனிகளைச் சேர்த்துக் கன்னத்தருகே நின்றுவிட்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம். அவர் தேடிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். அவருக்குச் சைகை மொழி ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் எட்டு ஒத்திகையில் அந்தக் கையை அந்த இடத்தில் பார்த்திருக்கிறார். கன்னத்தைப் பார்த்தார், பாடிவிட்டார்.

முன் மேஜையில் காது கேளாத இருவர் இருந்தார்கள். அவர்களுக்கு மட்டும்தான் நடந்தது புரிந்தது. ஒருவர் கண்ணடித்தார்.

தொண்டைப்பிரியன்

அதனால்தான் முதல் வார்த்தையை எழுதி வையுங்கள் என்றேன்!

இரண்டாம் டெனர்

ஐயா, நான் அறிவுரை கேட்கவே இல்லை. (முதல் வார்த்தைத் தாள் எழுதிவிட்டேன். உதவுகிறது. கோபமாக இருக்கிறது.)

பேஸ் ஐயா, சிரித்தவர் கிழவர்தான். நேற்று அவரே வந்து, தான் முதல் வருஷம் எட்டு இடத்தில் தப்பாகப் பாடியதாகச் சொன்னார். என் பாட்டில் ஏழுதான், அதனால் நான் தேறிவிட்டேனாம்.

இயக்குநர் மறுபடி கேட்டார். ஐந்தாவது இடத்தில் மட்டும் ‘அவள்’ என்றே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது, அந்தக் குளியலறைப் பையனுக்காக. மற்ற ஆறும் ‘அவன்’. கேட்பவர்களுக்குக் குழப்பமாக இருக்குமோ? இப்போதைக்கு நோட்டில் இரண்டையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

ஓரத்தில் நிற்பவள்

என் கைக்கு அந்தக் குழப்பம் இல்லை. எங்கள் மொழியில் அவன், அவள் தனித்தனியாகக் கிடையாது. ஆள் நிற்கிற பக்கத்தை விரலால் சுட்டினால் முடிந்தது. நீங்கள் எதைப் பாடினாலும் என் விரல் அதே பக்கம்தான் போகும். உங்கள் ஓரத்தில் நிற்பவருக்கும் அப்படித்தான். அந்த ஆள் உங்களுக்கு வலது பக்கம் நிற்கிறாரா, இடது பக்கமா என்று மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் டெனர்

இடது. ஜன்னல் பக்கம்.