ஸ்லிப்ஃபார்முக்குத் தமிழ்: நழுவச்சா, தவழ்சட்டகமா?

நண்பர்களுக்கு வணக்கம். கான்கிரீட் வார்க்கும்போது பிரிக்காமல், நிற்காமல் மேலே ஏற்றிக்கொண்டே போகும் சட்டகத்தை ஸ்லிப்ஃபார்ம் (slipform) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஸ்லிப் என்றால் நழுவுதல். ‘நழுவச்சு’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, உங்கள் சொல் சுருக்கமாக இருக்கிறது. ஆனால் வேலை நடக்கும் விதத்தோடு வைத்துப் பார்த்தால் என் மனம் ஒப்பவில்லை. தமிழில் நழுவுவது என்றால் பிடி விட்டுக் கீழே போவது. இது பிடியை விடாமல் மேலே போகிறது.

கனடாவின் டொரொன்டோவில் உள்ள சி.என். கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். 553 மீட்டர் உயரம்; 1973-இல் வேலை தொடங்கி 1976-இல் திறந்தார்கள். நம் வீடுகளில் சென்ட்ரிங் அடித்து, கான்கிரீட் போட்டு, இறுகியதும் பிரித்து, அடுத்த மாடிக்கு மறுபடி அடிப்போம். அங்கே பிரிக்கவே இல்லை. தண்டைச் சுற்றி ஒரே சட்டகம், அதை உயர்த்த ஹைட்ராலிக் ஜாக்கிகள். மேலே கான்கிரீட்டைக் கொட்டிக்கொண்டே இருக்க, சட்டகம் நாளுக்குச் சுமார் 6 மீட்டர் ஏறியது. அதன் கீழ்விளிம்பைத் தாண்டி வெளியே வரும் கான்கிரீட், அதற்குள் தானாக நிற்கும் அளவுக்கு இறுகியிருக்க வேண்டும். அவசரப்பட்டால் சரிந்துவிடும். தாமதித்தால் சட்டகத்தோடு ஒட்டிக்கொண்டு, மேலே இழுக்கும்போது சுவர் பிய்ந்துவிடும். கோபுரம் மேலே போகப் போகச் சிறுக்க வேண்டும் என்பதால் சட்டகத்தையும் போகிற போக்கிலேயே சுருக்கினார்கள். இவ்வளவும் செய்து முடித்தபோது செங்குத்திலிருந்து விலகல் 29 மில்லிமீட்டர்தான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இந்த நகர்வுக்கு நம்மிடம் ‘தவழ்’ இருக்கிறது. மலைமேல் முகில் தவழ்கிறது என்கிறோமே, அதேபோல ஒட்டியபடியே, நிற்காமல், மெல்ல நகர்வது. ‘ஊர்’ என்ற வேரை அம்மா ஒருவர் சொல்லியிருந்தார். பொருள் பொருந்துகிறது, ஆனால் சொல்லின் முதலில் வந்தால் படிப்பவருக்குக் கிராமம்தான் நினைவுக்கு வரும்.

‘நழுவச்சு’ என்பதில் வரும் ‘அச்சு’ வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. கோபுர வேலையில் நடு அச்சு (axis) என்பதை அடிக்கடி எழுத வேண்டும். “அச்சு அச்சிலிருந்து விலகியது” என்று ஒருவர் எழுதினால் என்ன புரியும்? எனவே கருவிக்குத் தவழ்சட்டகம், முறைக்குத் தவழ்வார்ப்பு. வினைத்தொகை என்பதால் நடுவில் ‘ச்’ வராது.

இன்னொரு லாபம். ஜம்ப்ஃபார்ம் என்று ஒன்று இருக்கிறது: ஒரு தட்டு இறுகும்வரை காத்திருந்து, கழற்றி, மேலே தூக்கிப் பூட்டுவது. அதற்குத் தாவுசட்டகம் என்று வைத்துவிட்டால் தவழ்வதும் தாவுவதும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேறுபாட்டைத் தாமே சொல்லிவிடும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் 375 மீட்டர் நடுத்தூண் தவழ்வார்ப்பில் எழுந்தது.” எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு?

அப்புறம் ஒரு வேண்டுகோள். அனல்மின் நிலையப் புகைபோக்கி, சிமெண்ட் ஆலை சைலோ (சேமிப்புக் கோபுரம்) போன்ற வேலைகளில் இதே முறை உண்டு. அங்கே இருந்தவர்கள் யாராவது நம் குழுவில் இருந்தால், தொழிலாளர்கள் இதை வாய்ப்பேச்சில் எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அவர்களிடம் நல்ல சொல் ஒன்று ஏற்கெனவே இருந்தால் என்னுடையதை விட்டுவிடுகிறேன்.