மறு: 'கேச்' என்பதற்குத் தமிழ்ச்சொல்: 'கைநகல்' என்று வைக்கலாமா?

நண்பர்களே,

மென்பொருள் மொழிபெயர்ப்பில் 'கேச்' (cache: திரும்பத் தேவைப்படுவதை விரைவாக எடுக்க நிரல்கள் அருகில் வைத்துக்கொள்ளும் நகல்) என்பதற்கு இடைமாற்று, தேக்ககம், பதுக்ககம், தற்காலிகச் சேமிப்பு என்று இந்த இழையில் நான்கு சொற்கள் வந்துவிட்டன. நான் ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: கைநகல். காரணத்தைச் சொல்லும் முன் போன வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சித்தி அழைத்தார். கணினியில் வட்டு நிறைந்துவிட்டது, புதிதாக எதையும் சேமிக்க முடியவில்லை என்றார். 128 ஜிபி வட்டு அது. அவருடைய இயங்குதளம் 1024-இன் பெருக்கத்தில் கணக்கிடுவதால் திரையில் 119 என்றுதான் காட்டும். அதில் மிச்சம் 1 ஜிபி கூட இல்லை. எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று தொலைபேசியிலேயே ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னேன். உலாவியும் இரண்டு செயலிகளும் சேர்த்து வைத்திருந்த கேச் மட்டுமே 14 ஜிபி. சரி, அதை நீக்கினால் போதும் என்று வழி சொன்னேன்.

"அப்படி ஒரு பொத்தானே இல்லையே. 'தற்காலிகமாகச் சேமி' என்றுதான் இருக்கிறது" என்றார்.

திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். அவர் சொன்னது சரிதான். 'தற்காலிகமாகச் சேமிக்கப்பட்டவற்றை நீக்கு' என்ற தொடர் பொத்தானுக்குள் அடங்காமல், 'தற்காலிகமாகச் சேமி' என்பதோடு வெட்டுப்பட்டு, பின்னால் மூன்று புள்ளிகள் நின்றன. அழிக்கும் பொத்தான் சேமிக்கும் பொத்தானாகத் தெரிந்தது! முழுத் தொடரையும் படித்துக் காட்டிய பிறகும் அவர் அழுத்தவில்லை. "நான் சேமித்து வைத்ததை எதற்கு அழிக்க வேண்டும்?" என்று கேட்டார். என்னை அழைப்பதற்கு முன்பே இடம் வேண்டுமென்று பதிவிறக்க அடைவில் (folder) இருந்த பழைய சான்றிதழ் நகல்களை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்திருந்தார். அழிக்கக்கூடாதது போய்விட்டது. அழிக்கக்கூடிய 14 ஜிபி அப்படியே இருந்தது.

அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. 'சேமிப்பு' என்ற சொல் தமிழில் பாதுகாக்க வேண்டியதைக் குறிக்கிறது. அதை அழி என்றால் யாருக்கும் கை வராது.

> கேச் என்பதன் மூலப்பொருளே 'ஒளித்து வைப்பது'. ஆகவே பதுக்ககம்தான் பொருத்தம்.

மூலம் பிரெஞ்சு என்பதும், ஒளித்து வைப்பது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பெயர் எங்கே ஒட்டிக்கொண்டது என்று பார்க்க வேண்டும். 1965-இல் பிரிட்டிஷ் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் இதே கருத்தை எழுதியபோது 'அடிமை நினைவகம்' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். 1968-இல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 மாடல் 85 கணினி பற்றிய கட்டுரைகளை வெளியிட்டபோது, 'அதிவேக இடையகம்' (high-speed buffer) என்ற நீளமான பெயருக்குப் பதிலாகக் 'கேச்' வந்தது. அது கணினியின் மையச் செயலகத்தை (CPU) ஒட்டிய சிறு நினைவகம். நிரல் எழுதுபவர் கண்ணுக்கே படாமல் வேலை செய்வது. அங்கே ஒளிவு என்ற பொருள் பொருந்தியது. நம் வட்டில் இருப்பது அப்படியல்ல. பயனர் அதைத் தேடிக் கண்டுபிடித்து, அளவு பார்த்து, அழிக்க வேண்டியிருக்கிறது. அப்புறம், பதுக்கல் என்றாலே நமக்குக் குற்றம்தான் நினைவுக்கு வருகிறது. வேரை மொழிபெயர்ப்பதைவிட, அந்தப் பொருள் செய்கிற வேலையைப் பெயராக்குவதே நல்லது.

வேலை என்ன? மூலம் வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அங்கே போகாமலிருக்க, ஒரு நகலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்கிறோம். அதனால்தான் கைநகல். கைப்பேசி, கையேடு, கைவிளக்கு ஆகியவற்றில் வரும் அதே 'கை'. 'கையால் எழுதிய நகல்' என்று யாராவது புரிந்துகொள்வார்களோ என்று யோசித்தேன். அதைக் கையெழுத்துப் படி என்றே சொல்கிறோம், குழப்பம் வராது.

இந்தச் சொல்லில் எனக்கு முக்கியமாகப் படுவது 'நகல்'தான். அழித்தால் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது என்பதும், திரும்பப் பயன்படுத்தினால் நகல் மறுபடி சேரும் என்பதும் சொல்லிலேயே இருக்கின்றன. இரண்டாவதையும் பயனர் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று 14 ஜிபி விடுபட்டாலும், நாளடைவில் ஒரு பகுதி திரும்ப வந்துவிடும். வட்டு உண்மையிலேயே சிறியது என்றால் இது நிரந்தரத் தீர்வு ஆகாது.

> தற்காலிகக் கோப்பு என்ற சொல்லையே இதற்கும் வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம். தற்காலிகக் கோப்பு என்பது ஒரு வேலை நடக்கும்போது உருவாகும் இடைப்பட்ட பொருள். அதற்கு மூலம் என்று ஒன்று இல்லாமலும் இருக்கலாம். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அழித்தால் அந்த வேலையே கெடக்கூடும். குப்பைத்தொட்டியில் இருப்பது நாமே வேண்டாம் என்று போட்டது. தொட்டியைக் காலி செய்யும்வரை வட்டில் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மூன்றும் மூன்று வகை, மூன்றுக்கும் மூன்று பெயர் இருக்கட்டும். உலாவியில் இது இன்னும் முக்கியம். அங்கே ஒரே சாளரத்தில் வரலாறு, குக்கி (நம்மை அடையாளம் காணத் தளங்கள் உலாவியில் வைக்கும் சிறு தகவல்), கடவுச்சொல், கேச் எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. குக்கியை அழித்தால் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேறிவிடுவோம். கடவுச்சொல் போனால் இன்னும் மோசம். இடம் வேண்டும் என்பவருக்கு அந்தப் பட்டியலில் தேவை கேச் ஒன்றுதான். இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்திருப்பதும் வழக்கமாக அதுதான்.

கூட்டுச்சொற்களையும் போட்டுப் பார்த்தேன். கைநகல் அடைவு, கைநகல் நினைவகம், உலாவியின் கைநகல்கள், கைநகலில் கிடைத்தது, கைநகலில் இல்லை. வினையாக வேண்டுமென்றால் கைநகலெடு. உபுண்டு இயங்குதளத்தில் மென்பொருள்களை நிறுவும் ஆப்ட் (apt) நிரல், தான் இறக்கும் பொதிகளை (packages) வைக்கும் அடைவைப் 'பொதிக் கைநகல்கள்' என்றால் உடனே விளங்குகிறது. மூலப் பொதி வழங்கியில் (server) இருக்கிறது, இது நம்மிடமுள்ள நகல்.

ஓரிடத்தில் சொல் கொஞ்சம் வளைகிறது. படங்களின் சிறுவுருவங்களையும், விளையாட்டுகள் முன்கூட்டியே தொகுத்து வைக்கும் வரைகலை நிரல்களையும் நேர்ப்பொருளில் நகல் என்று சொல்ல முடியாது. அவை கணித்து எடுத்த விடைகள். ஆனாலும் மூலத்திலிருந்து திரும்ப உருவாக்கக்கூடியவை என்பதால் அவற்றையும் இதில் சேர்க்கலாம் என்றே நினைக்கிறேன். வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள்.

இதில் சேர்க்கவே கூடாத ஒன்று உண்டு. இணையம் இல்லாதபோது கேட்கவும் பார்க்கவும் நாமே இறக்கி வைக்கும் பாடல்கள், வரைபடங்கள். பயனர் கேட்டு வைத்தது அது. அதற்குச் 'சேமிப்பு' என்ற சொல்லே இருக்கட்டும்.

நேற்றுச் சித்தியிடம் பேசியபோது "உலாவி எடுத்து வைத்திருக்கும் கைநகல்களை அழித்துவிடலாமா?" என்று கேட்டேன். "நகல்தானே, அழி" என்றார்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் இந்தச் சொல் வரும் வரிகளை மாற்றித் தர நான் தயார். அதற்கு முன் வினை ஒன்றை முடிவு செய்ய வேண்டும். குப்பைத்தொட்டிக்கு அனுப்புவதற்கும் 'நீக்கு' என்றே போட்டிருக்கிறோம். ஆகவே இங்கே 'கைநகல்களை அழி' என்பது என் விருப்பம். பொத்தானுக்குள்ளும் அடங்குகிறது, அளந்து பார்த்துவிட்டேன்.