வேலையை விடாமல் என்.வி.கியூ. 4 (தேசிய தொழிற்தகைமை, 4ஆம் மட்டம்) எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் 11 வருடமாக எலக்ட்ரீசியன் வேலை பார்க்கிறேன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் காலை வாரிவிட்டது, அதோடு படிப்பும் நின்றது. இரவு 2 மணிக்கு ரோலர் மோட்டார் நின்றால், சத்தத்தை வைத்தே பெயாரிங் போய்விட்டதா, வயரிங்கில் கோளாறா என்று சொல்லிவிடுவேன். ஆனால் கையில் ஒரு சான்றிதழ் கிடையாது.

போன மாதம் ஃபோர்மன் இடம் காலியானது. என்.வி.கியூ. 4 கேட்டார்கள். வெளியிலிருந்து வந்த தம்பிக்குப் போய்விட்டது. நல்ல பையன்தான், மோட்டாரைக் கழற்ற மட்டும் என்னைக் கூப்பிடுகிறான்!

அனுபவத்தை வைத்தே தகைமை எடுக்க ஆர்.பி.எல். முறை இருப்பது தெரியும். செய்த வேலைக்கு ஆதாரங்களைக் கோப்பாகக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் செய்தும் காட்டவேண்டும். 4 கிடைத்தால் அப்புறம் 5, 6 என்று டிப்ளோமாவுக்கும் போகலாம்.

துரையிடம், அதாவது மனேஜரிடம், பேசினேன். "பயிற்சி நிலையத்திலிருந்து கடிதம் கொண்டு வா, ஷிஃப்ட் மாற்றித் தருகிறேன்" என்கிறார். நிலையத்தில் கேட்டால், முதலில் கம்பனி சேவைக் கடிதம் வேண்டுமாம். இரண்டு பக்கமும் நானே நடக்கிறேன்.

சேவைக் கடிதத்தில் என்னென்ன எழுதி வாங்கினீர்கள்? மதிப்பீட்டை பெக்டரியிலேயே வைத்தார்களா? தமிழில் பதில் சொல்ல விட்டார்களா? நுவரெலியா மாவட்டத்தில் வார இறுதி வகுப்பு எங்காவது நடந்தால் அதையும் சொல்லுங்கள். ஞாயிறு எனக்கு லீவு.