பரவனாற்று ஓரத்து ரோடு: ரேடார் ஓட்டிப் பார்க்கலாமா?

ஜல்லி_மண் (குறிஞ்சிப்பாடி):
வணக்கம். பரவனாற்றை ஒட்டிய ஒரு கிராமச் சாலையில் ஒன்றரை கிலோமீட்டருக்கு நான்தான் சைட் சூப்பர்வைசர். 2024 ஃபெஞ்சல் மழைக்குப் பிறகு இரண்டு தடவை ஒட்டுப் போட்டாயிற்று. நெல் லாரி நாலு நடை போனால் போதும், அதே இடம் தொட்டி மாதிரி அமுங்குகிறது. மற்ற இடமும் அதே ஜல்லி, அதே தார்தான், அசையாமல் நிற்கிறது. தோண்டாமல் அடியில் பார்க்க ரேடார் ஓட்டலாம் என்கிறார் ஒருவர். வாடகையைக் கேட்டதும் முதலாளி சிரித்துவிட்டுப் போய்விட்டார். இந்த மண்ணில் யாராவது ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

பாறைப்பித்தன் (புதுச்சேரி):
அவர் சிரித்ததே நல்லது. தார், ஜல்லி அடுக்குகளின் கனம் பார்க்க ரேடார் அருமையான கருவி. ஆனால் ஈரக் களியும் உப்புத் தண்ணீரும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துபவை. ரேடார் அலை அதில் இறங்கின கையோடு அடங்கிவிடும். உங்கள் பக்கம் களிக்குக் குறைவா என்ன?

போர் போட இடம் பார்ப்பவர்கள் நாலு கம்பி அடித்துவிட்டு ஒரு பெட்டியோடு உட்காருவார்களே, மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கிற அந்த ரெசிஸ்டிவிட்டி மெஷின் போதும். வெளிக் கம்பி இரண்டில் கரண்ட் விட்டு, உள் கம்பி இரண்டுக்கு நடுவில் வோல்ட் பார்ப்பது. ஆழத்தில் தண்ணீர் தேடுவதால் அவர்கள் கம்பியை அகல அகலமாக நகர்த்துவார்கள். உங்களுக்கு 2, 4, 6 மீட்டர் இடைவெளி போதும். தோராயமாக இடைவெளியில் பாதி ஆழம் தெரியும். தாரில் கம்பி இறங்காது, ஓரத்து மண்ணில் அடியுங்கள். 10 மீட்டருக்கு ஓர் இடம் பாருங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. எண் இறங்கினால் களியா உப்பா என்று மெஷின் சொல்லாது. காசு இருந்தால் சம்மட்டியால் அடித்து, ஜியோபோனில் அதிர்வு பிடித்து, குறுக்கலை (மண்ணைப் பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு போகும் அலை) வேகம் பார்க்கலாம். நொடிக்கு 180 மீட்டருக்குக் கீழே போனால் தொளதொள மண். காசு இல்லையா, அங்கே ஒரு குழி வெட்டுங்கள்.

பழைய_ரோடு_இன்ஸ்பெக்டர் (கடலூர்):
தம்பி, மெஷினுக்கு முன்னால் மாடு மேய்க்கிற பெரியவர் யாரையாவது கேளுங்கள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் கோரை முளைத்திருந்தால் அங்கே முன்பு வாய்க்கால் போயிருக்கும். அகலப்படுத்தும்போது மதகை மண் தள்ளி மூடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஜல்லி_மண்:
ஐயா, கோரை இருக்கிறது! போர் பார்க்கிற நண்பர் ஒரு பகல் முழுக்கக் கம்பி அடித்தார். கூலி இரண்டு வேளைச் சாப்பாடு. 640 மீட்டர் வரை 35, 40 ஓம் மீட்டர் காட்டியது, அதற்கப்புறம் 7. 710 தாண்டியதும் மறுபடி ஏறிவிட்டது. ஓரத்தில் ஜேசிபி வைத்து வெட்டினால் ஐந்தடியில் செங்கல் மதகின் வாய். உள்ளே கறுப்புக் களியும் மக்கின தென்னை மட்டையும். ஊறின தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பார்த்தேன், 800. உப்பு இல்லை, களிதான்.

தண்ணீர் போக வழியில்லாமல்தான் அடிமண் இளகியிருக்கிறது. எஸ்டிமேட்டில் சிறுபாலமே இல்லை, அது தனிச் சண்டை. 600 மில்லிமீட்டர் பைப் போதுமா, 1000 போடவா?

பழைய_ரோடு_இன்ஸ்பெக்டர்:
1000. சின்னதில் ஆள் நுழைந்து சேறு எடுக்க முடியாது. இரண்டு ஐப்பசியில் அதுவும் மூடிக்கொள்ளும்.