பித்தளை முலாம் பூசின கைப்பிடிகளில் லாக்கர் பூச்சுக்கு அடியில் புள்ளி வருது, உதவி தேவை

தட்டாஞ்சாவடி ஃபிட்டிங்ஸ்:
வணக்கம். புதுச்சேரியில சின்னப் பட்டறை. கதவுக் கைப்பிடி, ஜன்னல் கொக்கி செய்றோம். கைப்பிடி துத்தநாக டை காஸ்டிங் (உருக்கி அச்சுல அழுத்தி வார்த்தது), கொக்கி இரும்பு. காப்பர், நிக்கல், அதுக்கு மேல பித்தளைன்னு பிளேட்டிங் மட்டும் வெளியே ஜாப் ஒர்க். வந்ததும் நாங்க ஒரு அலசு அலசி, துடைச்சு, நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் (பளபளப்பைக் காக்கிற கண்ணாடி மாதிரிப் பூச்சு) ஸ்ப்ரே பண்றோம். அன்னிக்குப் பளபளன்னு இருக்கு. பெட்டியில சில வாரம் கிடந்தா பழுப்புப் புள்ளி விழுது, ஐப்பசி மழை ஆரம்பிச்சா இன்னும் மோசம். கைப்பிடியிலதான் அதிகம், கொக்கியில குறைவு. லாக்கர் கம்பெனியை மாத்திப் பாத்தாச்சு, பலனில்லை. கடல் காத்துதான் காரணமா?

வில்லியனூர் வாசகி:
எங்க வீட்டுக் குத்துவிளக்குக்குப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சா பளிச்னு ஆயிடும். முயற்சி பண்ணிப் பாருங்க.

முலாம் மாமா, கடலூர்:
அம்மா, அது கெட்டிப் பித்தளைக்கு. இது முலாம். அலங்கார வேலையில மேல இருக்கிற பித்தளை பெரும்பாலும் ஒரு மைக்ரான் கூட இருக்காது. புளி போட்டு ரெண்டு தேய் தேய்ச்சா வெள்ளையா நிக்கல் பல்லிளிக்கும்.

தம்பி, கடல் காத்துக்குப் பங்கு உண்டு, ஆனா அது முதல் குற்றவாளி இல்லை. கைப்பிடியில அதிகம்னு சொன்னீங்களே, அதுலயே பாதி பதில் இருக்கு. ஒரு லென்ஸ் வெச்சுப் பாருங்க. புள்ளி நடுவுல ஊசிமுனை மாதிரி துளை இருந்து, அதைச் சுத்திக் கறை படர்ந்திருக்கா? கையில தொட்டா லாக்கர் வழவழன்னு முழுசா இருக்கா?

தட்டாஞ்சாவடி ஃபிட்டிங்ஸ்:
ஆமா சார், பெரும்பாலும் அப்படித்தான். லாக்கர் உரியல. ஓரங்கள்ல மட்டும் கொஞ்சம் வேற மாதிரி, கோடா கறுக்குது. ரேகை மாதிரி சிலதும் உண்டு.

முலாம் மாமா, கடலூர்:
அப்போ மூணு வேற வியாதி. ஒரே மருந்து தேடாதீங்க.

துளையைச் சுத்தி வர்றது: டை காஸ்டிங்குல கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டு. பித்தளை பிளேட்டிங் இங்கே பெரும்பாலும் சயனைடு உப்புக் கரைசல் தொட்டியிலதான் நடக்குது. அந்த உப்புத் தண்ணி குழிக்குள்ள மாட்டிக்கிட்டா சாதாரண அலசல்ல வெளிய வராது. லாக்கர் படலம் நீராவியை முழுசா தடுக்காது. காத்துல ஈரம் ஏறினதும் அது உள்ளே போய், மாட்டிக்கிட்ட உப்பு ஈரத்தை இழுத்துக் கசிஞ்சு, அடியில பித்தளையை அரிக்குது. மழைக்காலத்துல கூடுறது இதனாலதான். லாக்கரை எத்தனை தடவை மாத்தினாலும் இது போகாது. ஜாப் ஒர்க்காரர்கிட்ட பேசுங்க: சூடு, குளிர், சூடுன்னு மாத்தி மாத்தி அலசணும். சூட்டுல குழி விரியுது, உள்ள இருக்கிற காத்தும் தண்ணியும் வெளிய வருது. காஸ்டிங்கை பஃபிங்ல (சக்கரத்துல தேய்ச்சு மெருகேத்துறப்போ) ஆழமா வெட்டாதீங்க, மேல்தோலுக்குக் கீழேதான் குழி அதிகம்.

ஓரத்துல கோடா வர்றது: கூரான விளிம்புல லாக்கர் நிக்காம மெலிஞ்சு போகும். விளிம்பை லேசா மழுக்குங்க, ரெண்டு மெல்லிய கோட் கொடுங்க.

ரேகை: கைவேர்வை உப்பு. லாக்கருக்கு முன்னாடி வெறுங்கையால தொடவே கூடாது.

பஃபிங் பாய்:
புள்ளி வராம இருக்க கடைசியில வினிகர்ல முக்கி எடுங்க சகோ, நான் பாத்திருக்கேன்.

முலாம் மாமா, கடலூர்:
வினிகரும் அமிலம்தான். அலசி முடிக்காத சயனைடு பீஸை அமிலத்துல போட்டா ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். ஆளைக் கொன்னுடும். பிளேட்டிங் ஷாப்புல, காத்தோட்டம், முழு அலசலோட, தெரிஞ்சவங்க செய்ற வேலை அது. பட்டறையில பக்கெட் வெச்சு யாரும் செய்யாதீங்க. இதைச் சண்டைக்குச் சொல்லலை.

தரக்கட்டுப்பாடு_மஞ்சக்குப்பம்:
ஒரு கேள்வி. நீங்க அலசுற தண்ணி எது? கடற்கரை ஓரப் பகுதிகள்ல நிலத்தடியில உப்புநீர் ஏறியிருக்கு. அந்த போர் தண்ணியில அலசினா, சுத்தம் பண்றோம்னு நினைச்சு குளோரைடு உப்பைத் தடவுறீங்க. ஒரு சொட்டை சுத்தமான கண்ணாடியில காய விடுங்க. வெள்ளை வளையம் நின்னா அதே வளையம் பித்தளையிலயும் நிக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் டீமினரலைஸ்டு (உப்பு நீக்கின) தண்ணி போதும். பேட்டரிக் கடையில கேன்ல கிடைக்கும்.

அப்புறம் ஸ்ப்ரேக்குக் காத்து தர்ற கம்ப்ரசர். டேங்க்ல சேர்ந்த தண்ணியை தினமும் வடிக்கிறீங்களா? லைன்ல மாய்ஸ்ச்சர் டிராப் (காத்துல வர்ற ஈரத்தைப் பிடிக்கிற வடிகட்டி) இருக்கா? இல்லைன்னா ஸ்ப்ரே துப்பாக்கியில லாக்கரோட சேர்ந்து தண்ணித் துளியும் பாயும்.

தட்டாஞ்சாவடி ஃபிட்டிங்ஸ்:
போர் தண்ணிதான். டிராப் இல்லை. இன்னொண்ணு, காலையில அடிச்சா சில நாள் லாக்கரே பால் மாதிரி வெளுத்துப் போகுது.

தரக்கட்டுப்பாடு_மஞ்சக்குப்பம்:
அது புள்ளி இல்லை. தின்னர் ஆவியாகும்போது பீஸ் குளிருது, காத்து ஈரம் படலத்துல படியுது. வெயில் ஏறின பிறகு அடிங்க, இல்லைன்னா மெதுவா காயுற ரிட்டார்டர் கலக்குங்க. என் அபிப்பிராயத்துல அதைவிட நல்லது, பீஸை ஓவன்ல சூடாக்கி, கைபொறுக்கிற வெதுவெதுப்புல இருக்கும்போதே அடிக்கிறது. குழியில மிச்சம் இருக்கிற ஈரமும் போகும். பிளேட்டிங் முடிஞ்ச அன்னிக்கே லாக்கர் ஏறிடணும்.

பென்சோட்ரையசோல்னு கறுக்காம தடுக்கிற ஒரு பொடி, லிட்டருக்கு சில கிராம், வெந்நீர்ல கரைச்சு முக்கி எடுத்து, அலசி, காய வெச்சு அப்புறம் லாக்கர். செம்போட சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலம் போடும். 1960களில் செம்பு, வெண்கலத்துக்காக வந்த இன்க்ரலாக் என்கிற அக்ரிலிக் லாக்கர்லயே இது கலந்திருக்கும். நைட்ரோசெல்லுலோஸ் வெயில்ல மஞ்சளாகும், அதனால வாசக்கதவுச் சரக்குக்கு ரெண்டு பாகமா கலந்து அடிக்கிற பாலியூரித்தேன் லாக்கரோ அக்ரிலிக்கோ பாருங்க.

பேக்கிங் அக்கா:
பெட்டிக்குள்ள என்ன போடுறீங்க தம்பி? ரப்பர் பேண்ட் வேண்டாம், வல்கனைஸ் பண்ணின ரப்பர்ல கந்தகம் உண்டு, கறுக்கும். பழைய செய்தித்தாளும் வேண்டாம். செப்டிக் டேங்க், சாக்கடைப் பக்கம் ஸ்டோர் இருந்தா மாத்துங்க. பாலி கவர்ல, சிலிகா ஜெல்லோட, பீஸ் முழுசா ஆறின பிறகு மூடுங்க. சூட்டோட மூடினா உள்ளேயே வேர்க்கும்.

தட்டாஞ்சாவடி ஃபிட்டிங்ஸ்:
எல்லாருக்கும் நன்றி. அடுத்த லாட்டை பாதி பாதியா பிரிச்சு, ஒரு பாதிக்கு மட்டும் தண்ணியை மாத்திப் பாக்குறேன். ஏற்கெனவே புள்ளி விழுந்த சரக்கை என்ன செய்றது? மேல இன்னொரு கோட் அடிச்சா மறையுமா?

முலாம் மாமா, கடலூர்:
மறையாது, உள்ளே அடைபட்டு இன்னும் பரவும். ஒண்ணை எடுத்து தின்னர்ல லாக்கரைக் கழட்டிப் பாருங்க. கறை மேலோட்டமா இருந்தா பிளேட்டிங்காரர் பித்தளையை மட்டும் எடுத்துட்டு நிக்கலுக்கு மேல திரும்பப் போடலாம், நிக்கலை உயிரூட்டிட்டு (புது முலாம் ஒட்டுற மாதிரி மேற்பரப்பைத் தயார் பண்ணிட்டு). நிக்கலும் துளைஞ்சு அடியில துத்தநாகம் தெரிஞ்சா அந்தப் பீஸை ஸ்கிராப்புக்கு எடை போடுங்க. கூலி அதுல வராது.