ஹெட்போனில் அருமையாக இருக்கும் கிட்டார் டோன் மேடையில் கெட்டுப்போகிறது, சனிக்கிழமை நிகழ்ச்சி, உதவி தேவை

ஆறுகம்பி · செவ்வாய், இரவு 11:42

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். ஆறு மாதமாக மாடலரில்தான் (ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் டிஜிட்டலாகப் போலச் செய்யும் பெட்டி) வாசிக்கிறேன். வீட்டில் ஹெட்போன் போட்டு உட்கார்ந்து க்ளீன், க்ரஞ்ச், ரிதம், லீட் என்று நாலு பேட்ச் (சேமித்து வைக்கும் டோன் அமைப்பு) செய்து வைத்திருக்கிறேன். கேட்கவே ஆசையாக இருக்கும். போன வாரம் மேடையில் அதே பேட்ச்களைப் போட்டால் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகக் கேட்டது. ட்ரெபிள், ப்ரெசென்ஸ் எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தேன். முடிந்து கீழே இறங்கினால், "கிட்டார் காதைக் குத்துகிறது, ஆனால் பாட்டுக்குள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை" என்கிறார்கள். லீட் வாசிக்கும்போது சுத்தமாகக் காணாமல் போகிறேன். எந்த ஆம்ப் மாடல் போட்டால் சரியாகும்?

மிக்ஸர்பக்கம் · செவ்வாய், இரவு 11:58

ஆம்ப் மாடலை அப்புறம் பார்க்கலாம். முதலில் இவற்றைச் சொல்லுங்கள்: எது மாடலர்? எந்த அவுட்டிலிருந்து கேபிள் போகிறது? ஒரு கேபிளா, இரண்டா? மிக்ஸரில் மைக் இன்புட்டா, லைன் இன்புட்டா? மேடையில் உங்கள் சத்தத்தை எதில் கேட்கிறீர்கள்? கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம்.

ஏழாம்ஃப்ரெட் · புதன், அதிகாலை 12:15

இது மேல் அதிர்வெண்களை வெட்டும் ஹை கட் பிரச்சினைதான், வேறு எதுவும் இல்லை. கிட்டார் கேபினெட்டில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் மடமடவென்று இறங்கிவிடும். கேட்பவர்களுக்குச் சத்தம் அனுப்பும் பிஏ ஸ்பீக்கரில் உயர் ஒலிக்கென்று ட்வீட்டர் இருக்கிறது, அது 15, 16 கிலோஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் அப்படியே துப்பும். டிஸ்டார்ஷன் போட்டால் அந்த மேல்பகுதி முழுக்கச் சீறல்தான்.

மாடலருக்குள் கேபினெட்டையும் மைக்கையும் போலச் செய்யும் கேப் ப்ளாக்கில் ஹை கட்டை 12 கிலோஹெர்ட்ஸில் வைத்து, பெரிய ஸ்பீக்கரில் சத்தமாக ஒரு பவர் கார்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, மெதுவாகக் கீழே இறக்குங்கள். 9-இல் சீறல் லேசாகும். 7-இல் ஒரு இடத்தில் சட்டென்று நின்று, கேபினெட் முன்னால் நிற்பது போல ஆகிவிடும். இன்னும் இறக்கினால் உயிர் போய்விடும், அங்கிருந்து கொஞ்சம் மேலே வந்து நிறுத்திவிடுங்கள். எனக்கு எப்போதும் 6.5-க்கும் 7.5-க்கும் நடுவில்தான் வந்து நிற்கிறது. கீழ் அதிர்வெண்களை வெட்டும் லோ கட் 90 அல்லது 100 ஹெர்ட்ஸ். ஆறாவது கம்பியின் ஈ 82 ஹெர்ட்ஸ்தான், அதற்குக் கீழே நமக்கு வேலை இல்லை, அது பாஸ் கிட்டாரின் இடம்.

வால்வுவெளிச்சம் · புதன், காலை 6:30

இந்தக் கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது என்று தேடிப் பார்த்திருக்கலாம். தம்பி, ஒரு நிஜ ஆம்ப் முன்னால் நின்று வாசித்துப் பழகாதவர்கள் நேரே மாடலர் வாங்குவதால் வருவது இது. ஹெட்போனில் கேட்பது கிட்டார் சத்தமே இல்லை. அது மைக் வைத்துப் பதிவு செய்த கிட்டாரின் சத்தம். முதலில் காது பழக வேண்டும், பட்டன் அப்புறம். நான் இருபது வருடமாக ஒரே ஆம்ப், ஒரே கேபினெட், மூன்று குமிழ். இந்தப் பிரச்சினை எனக்கு வந்ததே இல்லை.

கேபிள்சுருள் · புதன், காலை 7:05

கிட்டாரிலிருந்து மாடலருக்கு எவ்வளவு நீளக் கேபிள்? மந்தமாகக் கேட்டது என்கிறாரே, அதனால் கேட்கிறேன். நீளமான கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் மேல் ஸ்தாயியை விழுங்கும். மாடலரின் இன்புட் இம்பீடன்ஸ் 1 மெகாஓமில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில யூனிட்களில் 'ஆட்டோ' என்று இருக்கும். பேட்சின் முதல் ப்ளாக்காக ஃபஸ் பெடல் இருந்தால் அது இம்பீடன்ஸைக் குறைத்துவிடும், கிட்டார் உடனே மங்கிவிடும்.

ஏழாம்ஃப்ரெட் · புதன், காலை 7:20

கேபிள் காரணம் என்றால் வீட்டிலும் மந்தமாகத்தானே இருக்க வேண்டும்?

கேபிள்சுருள் · புதன், காலை 7:24

வீட்டில் சின்னக் கேபிள், மேடையில் பெரியதாக இருக்கலாம். அவர் சொல்லவில்லை. அதனால்தான் கேட்டேன்.

ஆறுகம்பி · புதன், காலை 8:10

வேலைக்குக் கிளம்புகிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்எல்ஆர் அவுட்டிலிருந்து நேரே மிக்ஸருக்குப் போகிறது. ஒரே கேபிள்தான். கிட்டார் கேபிள் வீட்டில் இருப்பதேதான். ஹை கட்டை இன்றிரவு பார்க்கிறேன். நன்றி.

மிக்ஸர்பக்கம் · புதன், காலை 8:31

எதில் கேட்கிறீர்கள் என்பதை இன்னும் சொல்லவில்லை. சரி, அதுவரை இரண்டு விஷயம்.

ஒன்று, பேட்ச் ஸ்டீரியோவாக இருந்து ஒரு கேபிள் மட்டும் மிக்ஸருக்குப் போனால், சில யூனிட்களில் இடது பக்கம் மட்டும் போகும், சிலவற்றில் இரண்டும் கூட்டி மோனோவாகும். கூட்டும்போது அகலம் காட்டப் போட்ட சின்ன டிலே எல்லாம் எதிரியாகிவிடும். ஒரே சத்தம் 1 மில்லிசெகண்ட் தள்ளி இன்னொரு முறை வந்து சேர்ந்தால் 500 ஹெர்ட்ஸ், 1500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குழி விழும். கிட்டார் பாட்டுக்குள் நிற்பதே அந்த இடத்தில்தான். "எங்கே என்றே தெரியவில்லை" என்று அவர்கள் சொன்னதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கேப் ப்ளாக்கில் இரண்டு மைக்கைத் தூரம் மாற்றி வைத்தாலும் இதே கதை. மேடைக்கு ஒரே மைக் போதும்.

இரண்டு, லைன் லெவலில் அனுப்பினால் மைக் இன்புட்டில் கெயின் குறைவாக இருந்தாலும் கிளிப் ஆகலாம், அதாவது அளவு மீறிச் சத்தம் சிதையலாம். நான் மிக்ஸரில் இருக்கும்போது கிட்டார் வாசிப்பவர் யூனிட்டில் மைக் லெவல் என்று மாற்றித் தந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்தது. அந்தச் சேனலில் பேன்டம் பவர் (மிக்ஸர் மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) அணைந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிழல்ஸ்வரம் · புதன், காலை 10:02

எல்லோரும் சொல்வது சரிதான். ஆனால் முதல் பதிவை இன்னொரு முறை படித்தேன். அவருக்கு மந்தமாகக் கேட்கிறது, கீழே இருப்பவர்களுக்குக் காதைக் குத்துகிறது. ஒரே பேட்ச் இரண்டு இடத்தில் எதிரெதிராக இருக்கிறது என்றால், அவர் கேட்பதும் அவர்கள் கேட்பதும் வேறு வேறு ஸ்பீக்கர். அவர் தனக்குக் கேட்பதை வைத்து ட்ரெபிளை ஏற்றியிருக்கிறார், அது பிஏவுக்கும் போயிருக்கிறது. ஆறுகம்பி, உங்கள் பின்னால் ஏதாவது கிட்டார் ஆம்ப் இருந்ததா?

வால்வுவெளிச்சம் · புதன், காலை 10:40

பின்னால் ஆம்ப் இருந்தால் மாடலர் எதற்கு? அதையே வாசிக்கலாமே. வால்வு ஆம்ப்பில் விரல் வைத்த கணத்தில் சத்தம் வரும். டிஜிட்டலில் தாமதம் இருக்கிறது. அளவு சின்னதுதான், ஆனால் விரலுக்குத் தெரியும். டோன் கெட்டுப்போகிறது என்று நினைப்பவர்களில் பாதிப் பேர் உண்மையில் இந்தத் தாமதத்தைத்தான் உணர்கிறார்கள்.

ஏழாம்ஃப்ரெட் · புதன், காலை 10:55

இதை ஒத்துக்கொள்ள முடியாது. ஒலி ஒரு மீட்டர் போகக் கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் ஆகும். உங்கள் கேபினெட் மூன்று மீட்டர் பின்னால் இருந்தால் காதுக்கு வந்து சேர 9 மில்லிசெகண்ட். இன்றைய மாடலர்களின் தாமதம் சில மில்லிசெகண்ட்தான். கேபினெட்டை ஒரு அடி நகர்த்தினாலே ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் மாறும், அதை யாரும் உணர்வதில்லை.

வால்வுவெளிச்சம் · புதன், காலை 11:12

கணக்கு எனக்கும் தெரியும். ஒரு கருவி மட்டும் என்றால் சரி. டிஜிட்டல் வயர்லெஸ், மாடலர், டிஜிட்டல் மிக்ஸர், இன்னொரு வயர்லெஸ்ஸில் இன்-இயர் (காதுக்குள் வைக்கும் மானிட்டர்) என்று அடுக்கிக்கொண்டே போனால்? எல்லாம் கூடும். அதைத்தான் சொல்கிறேன்.

மிக்ஸர்பக்கம் · புதன், காலை 11:30

அந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி, கூடத்தான் செய்யும். முழுச் சங்கிலியும் 10 மில்லிசெகண்டுக்கு மேல் போனால் இன்-இயரில் வாசிப்பவர்கள் புகார் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் கேட்டவரிடம் வயர்லெஸ் இல்லை, தாமதம் பற்றியும் அவர் சொல்லவில்லை. தாமதம் ட்ரெபிளைக் குறைக்காது.

கேபிள்சுருள் · புதன், மதியம் 1:15

வால்வா, டிஜிட்டலா என்ற விவாதமே பழையது. ஆம்ப் சத்தத்தைப் போலச் செய்யும் சான்ஸ்ஆம்ப் பெட்டி 1989-இல் வந்தது, அது அனலாக். அதை மிக்ஸரில் நேரே செருகி நிறையப் பேர் வாசித்திருக்கிறார்கள். 1998-இல் லைன் 6 பாட் என்ற டிஜிட்டல் மாடலர் வந்தது. இவ்வளவு வருடம் கழித்தும் டிஜிட்டலில் உயிர் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியாது.

வால்வுவெளிச்சம் · புதன், மதியம் 1:40

உயிர் இல்லை என்று நான் சொல்லவில்லை. காது பழகவில்லை என்றுதான் சொன்னேன். இரண்டும் வேறு.

ஆறுகம்பி · புதன், இரவு 9:20

ஆமாம், பின்னால் ஒரு கிட்டார் காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) இருந்தது. மேடைத் தரையில் வைக்கும் மானிட்டர் வெட்ஜ் ஸ்பீக்கர் பாடகருக்கு மட்டும்தான், அதனால் மாடலரின் இன்னொரு அவுட்டிலிருந்து காம்போவின் இன்புட்டில் செருகிக் கேட்டுக்கொண்டேன். அது பிரச்சினையாகும் என்று தெரியாது, அதனால் எழுதவில்லை.

நிழல்ஸ்வரம் · புதன், இரவு 9:48

அப்படியென்றால் காரணம் தெரிந்துவிட்டது. உங்கள் பேட்ச் ஏற்கெனவே முழு ஆம்ப். ப்ரீஆம்ப் (டோனை உருவாக்கும் பகுதி), பவர் ஆம்ப் (சத்தத்தைப் பெரிதாக்கும் பகுதி), கேபினெட், மைக் எல்லாம் அதற்குள் இருக்கிறது. அதைக் காம்போவின் முன் இன்புட்டில் செருகினால் அது இன்னொரு ப்ரீஆம்ப் வழியாகப் போய், மறுபடி ஒரு கிட்டார் ஸ்பீக்கரில் வருகிறது. 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு முறை வெட்டியதை இன்னொரு முறை வெட்டுகிறது. போர்வை அதுதான். நீங்கள் போர்வையை விலக்க ட்ரெபிள் ஏற்றினீர்கள், பிஏவில் போர்வையே இல்லை. கீழே நின்றவர்கள் அத்தனையையும் வாங்கிக்கொண்டார்கள்.

செய்ய வேண்டியது இது. எக்ஸ்எல்ஆர் இப்போது போலவே மிக்ஸருக்குப் போகட்டும், கேப் சிம்முடன், அதாவது கேப் ப்ளாக்குடன். காம்போவுக்குப் போகும் கால் அங்குல அவுட்டை மட்டும் கேப் ப்ளாக்குக்கு முன்னாலிருந்து பிரித்து எடுங்கள். அந்தப் பாதையில் கேப் சிம் வேண்டாம். பல யூனிட்களில் இதற்கு க்ளோபல் செட்டிங்கே இருக்கும், இல்லாவிட்டால் பேட்சில் பாதையை இரண்டாகப் பிரிக்கலாம். அந்தக் கேபிளைக் காம்போவின் முன் இன்புட்டில் செருகாமல், பின்பக்கம் இருக்கும் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் செருகுங்கள். பொதுவாக அங்கே ப்ரீஆம்ப் இல்லை, நேரே பவர் ஆம்ப். சில காம்போக்களில் ரிட்டர்னுக்கு வால்யூம் குமிழ் வேலை செய்யாது, அதனால் மாடலரின் அவுட்டைப் பூஜ்யத்தில் வைத்து மெதுவாக ஏற்றுங்கள்.

இன்னொன்றும் மறக்க வேண்டாம். நீங்கள் ஏற்றிய ட்ரெபிள், ப்ரெசென்ஸை எல்லாம் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மிக்ஸர்பக்கம் · புதன், இரவு 10:10

அருமை, இதைத்தான் முதல் பதிலில் கேட்டேன். இதோடு ஹெட்போன் விஷயத்தையும் தனியாகச் சரிசெய்ய வேண்டும். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பாஸும் ட்ரெபிளும் குறைவாகக் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே வளைகோடு போட்டுக் காட்டியது இது. வீட்டில் மெதுவாகக் கேட்டு பாஸ், ட்ரெபிளை ஏற்றி, நடுவைக் குழித்து வைத்தால் தனியாகக் கேட்கச் சுகமாக இருக்கும். மேடைச் சத்தத்தில் பாஸ் கொழகொழவென்று ஓடும், ட்ரெபிள் குத்தும், நடு இருக்காது. ட்ரம்ஸும் பாஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும்.

அதனால் சனிக்கிழமைக்கு முன் ஒரு முறையாவது ஒத்திகைச் சத்தத்தில் பேட்ச்களைத் திருத்துங்கள். தனியாக வாசித்துத் திருத்த வேண்டாம், ட்ரம்ஸும் பாஸும் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யுங்கள். தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் மூக்கால் பேசுவது போல நடு கூடுதலாக இருக்கும், பயப்பட வேண்டாம். இசைக்குழுவுக்குள் அதுதான் நிற்கும். ரிதமுக்கு வீட்டில் வைத்த கெயினில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். அரங்கமே எதிரொலிக்கும், அதனால் ரிவெர்ப் பாதி போதும். லீடுக்கு கெயின் ஏற்றினால் சத்தம் கூடாது, இன்னும் அமுங்கும். ஆம்ப் ப்ளாக்குக்குப் பின்னால் 3 டெசிபெல் வால்யூம் வையுங்கள், 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன ஏற்றம். தானாக முன்னால் வரும்.

ஏழாம்ஃப்ரெட் · புதன், இரவு 10:22

ஹை கட்டையும் மறந்துவிடாதீர்கள். அது பிஏ பாதைக்கு இன்னும் தேவை.

வால்வுவெளிச்சம் · வியாழன், காலை 6:45

நிழல்ஸ்வரம் சொன்னது சரி. முதல் பதிவிலேயே விவரம் எழுதியிருந்தால் இவ்வளவு நேரம் ஆகியிருக்காது. தம்பி, ரிட்டர்னில் செருகும்போது காம்போவை அணைத்துவிட்டுச் செருகுங்கள்.

மிக்ஸர்பக்கம் · வெள்ளி, இரவு 8:00

ஒத்திகை எப்படிப் போனது?

ஆறுகம்பி · ஞாயிறு, காலை 11:05

ரிட்டர்னில் போட்டேன், போர்வை போயிற்று. பேட்ச்களை ஒத்திகையில் திருத்தினேன். ஹை கட் 7-இல் நிற்கிறது. மிக்ஸரில் இருந்தவர் கிட்டார் ஃபேடரைத் தொடவே இல்லை என்றார். லீட் கேட்டதாம். எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

புதுப்பிக் · செவ்வாய், மாலை 5:50

எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் என் காம்போவில் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னே இல்லை. முன் இன்புட் மட்டும்தான். என்ன செய்வது?

நிழல்ஸ்வரம் · செவ்வாய், இரவு 7:15

க்ளீன் சேனலில் வைத்து, பாஸையும் ட்ரெபிளையும் நன்றாகக் குறைத்து, மிட்டை முழுக்க ஏற்றுங்கள். ஃபெண்டர் வகை டோன் சர்க்யூட் அந்த நிலையில்தான் ஓரளவு சமமாக இருக்கும். கேப் சிம்மை அந்தப் பாதையில் அணையுங்கள், மாடலர் அவுட்டை இன்ஸ்ட்ருமென்ட் லெவலில் வையுங்கள். அப்படியும் பிஏவில் வருவது போல இருக்காது, அதனால் அதில் கேட்டுப் பேட்சைத் திருத்த வேண்டாம். காம்போவின் குமிழ்களை மட்டும் திருப்புங்கள். உங்கள் மிக்ஸருக்கு எந்த அவுட்டிலிருந்து போகிறது?