புதுப்பிப்பு: பழைய புல்லட் கிளட்ச் இறுக்கம்

காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) எஞ்சின் ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் கிளட்ச் லிவர் கல்லாய் இருந்தால் முதலில் கேபிளுக்கு எண்ணெய் விடுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதற்கும் முன்னால் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு.

கியர்பாக்ஸ் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு லிவரைப் பிடித்துப் பாருங்கள். அப்போதும் உராய்ந்து வந்தால் கோளாறு கேபிளிலோ லிவர் அசையும் அச்சான பிவட் போல்ட்டிலோதான். வழுக்கிக்கொண்டு வந்தால் கேபிளைத் தொடவேண்டாம். புஷ்ராடையும் (கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் கம்பி) கிளட்ச் ஸ்பிரிங்கையும் பாருங்கள்.

கேபிள்தான் என்றால் மேல் முனையில் பாலிதீன் பையைப் புனல்போலக் கட்டி, மெல்லிய எண்ணெய் ஊற்றி, கீழ் முனையில் சொட்டும்வரை தொங்கவிடுங்கள். கிரீஸ் உள்ளே வேண்டாம், தூசியோடு சேர்ந்து களியாகிவிடும். உள்ளே நைலான் குழாய் போட்ட கேபிளுக்கு எண்ணெயே தேவையில்லை. நிப்பிள் (கேபிள் முனையிலுள்ள உலோகக் குமிழ்) அருகே ஒரு இழை அறுந்திருந்தாலும் புதிது மாட்டுங்கள். நிப்பிள் லிவருக்குள் சுழலவேண்டும். அங்கே மட்டும் துளி கிரீஸ். சுழலாத நிப்பிள்தான் அடிக்கடி கேபிள் அறுவதற்குக் காரணம்.

பலர் கவனிக்காதது கேபிள் போகும் வழி. ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். ஹெட்லைட் அருகே கேபிள் கூர்மையாக மடிந்தால் எவ்வளவு எண்ணெய் விட்டும் பயனில்லை.

மாட்டியபின் லிவரில் 2-3 மி.மீ. தளர்வு விடுங்கள். இறுக்கம் குறைய ஸ்பிரிங்கைத் தளர்த்துவது மெக்கானிக்குகளின் குறுக்குவழி. மேட்டில் கிளட்ச் நழுவும், பிளேட் கருகும்.